சும்மா நிற்கும் சர்வர், சுற்றிக்கொண்டே இருக்கும் பக்கம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலை. பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் அடித்து, பொத்தானை அழுத்தியாகிவிட்டது. திரையில் சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. முந்தைய இரவு இதே தளம் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. இப்போது ஒரு நிமிடம் ஆகியும் பதிலில்லை. ‘ஒரே நேரத்தில் இத்தனை பேர் பார்த்தால் சர்வர் என்ன செய்யும், திணறத்தான் செய்யும்’ என்று பக்கத்தில் இருப்பவர் சமாதானம் சொல்வார்.

அந்த நேரத்தில் சர்வரைக் கவனிக்கும் பொறியாளரின் திரையை எட்டிப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது. சிபியு பயன்பாடு 15 சதவீதம் என்று காட்டக்கூடும். நினைவகத்தில் பாதி காலியாக இருக்கக்கூடும். திணறலுக்கான அடையாளமே இருக்காது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி பார்த்த காட்சி. வேலையே இல்லாமல் நிற்கும் இயந்திரம் ஒரு பக்கத்தைத் தர ஒரு நிமிடம் எடுப்பது எப்படி?

ஒரு பக்கம் சர்வருக்குள் இருக்கும் நேரத்தில் வேலை நடக்கும் நேரம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் காத்திருப்பு. ஆகவே ‘எது கடுமையாக உழைக்கிறது’ என்று தேடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். ‘யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்’ என்று தேடினால்தான் தடம் கிடைக்கும்.

இதைப் புரிந்துகொள்ள, கணினி வருவதற்கு முந்தைய பத்திரப்பதிவு அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். முன்னால் எட்டு மேசைகள், எட்டு எழுத்தர்கள். பின்னால் ரெக்கார்டு ரூம். அங்கே தடித்தடியான தொகுதிகள், அவற்றை எடுத்துத் தர ஒரே ஒருவர். வில்லங்கச் சான்று கேட்டு வருகிறவரின் மனுவை எழுத்தர் வாங்கிப் படிக்க அரை நிமிடம், கடைசியில் எழுதிக் கொடுக்க அரை நிமிடம். இடையில் ரெக்கார்டு ரூம் வாசலில் பத்து நிமிடம் நிற்கிறார். கூட்டம் கூடும் நாளில் எட்டு எழுத்தர்களும் அந்த வாசலில்தான் நிற்பார்கள். மேசைகள் காலியாக இருக்கும், வெளியே தெரு வரை ஆட்கள் நிற்பார்கள். மேசையில் எத்தனை பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணும் மேலதிகாரிக்கு இந்த அலுவலகம் வேலையே இல்லாத அலுவலகமாகத் தெரியும்.

இணையதளம் இயங்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். வரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் ஒரு பணியாளர் நிரல் கையில் எடுத்துக்கொள்கிறது. தொழிலில் இதை ஒர்க்கர் என்பார்கள். எத்தனை ஒர்க்கர் என்பதற்கு வரம்பு உண்டு. ஒர்க்கர், இங்கே ரெக்கார்டு ரூமாக இருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, விடை வரும் வரை நிற்கும். நிற்கும்போது சிபியுவை அது தொடுவதில்லை. சிபியு அளவி காட்டிய 15 சதவீதம் பொய்யல்ல. எழுதும் மேசைகளை மட்டும் எண்ணிய கணக்கு அது.

இதைக் கணக்காக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில். 1961-இல் அவர் நிறுவிய உறவு மிக எளிமையானது: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, ஒரு நொடிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கியது. நொடிக்கு 50 வேண்டுகோள்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் 0.2 நொடியில் முடிகிறது என்றால், எந்த நேரத்திலும் சராசரியாக 10 பேர்தான் உள்ளே. இப்போது டேட்டாபேஸ் கொஞ்சம் சுணங்கி, ஒவ்வொன்றுக்கும் 4 நொடி ஆகிறது. வருகை அதே 50. ஆனால் உள்ளே இருக்க வேண்டியவர்கள் 200. ஒர்க்கர் வரம்பு 150 என்றால் மீதிப் பேர் வாசலுக்கு வெளியே. கூட்டம் ஒரு ஆள்கூட அதிகமாகவில்லை, ஆனாலும் நெரிசல். தளம் மெதுவானதற்குக் கூட்டத்தைக் குறை சொல்லும் வழக்கம் எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதை இந்த ஒரு பெருக்கல் காட்டிவிடுகிறது.

கூட்டம் உண்மையிலேயே கூடினால் என்ன ஆகும்? அதற்கான விடை இணையத்தைவிட மிகப் பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் கிராரூப் எர்லாங் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணிதர். எத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்பவர்கள் காத்திருக்காமல் பேசலாம் என்பது அவர் முன் இருந்த கேள்வி. 1909-இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் வரிசைக் கோட்பாடு என்ற கணிதத் துறையின் தொடக்கம்.

அந்தக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு சேவையிடம், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள், ஒவ்வொருவர் வேலையும் வெவ்வேறு நேரம் எடுக்கிறது. சேவையிடம் பாதி நேரம் வேலையில் இருக்கும்போது, ஒருவர் வந்து முடித்துப் போக ஆகும் நேரம் தனியாக வந்தால் ஆவதைப் போல இரண்டு மடங்கு. 80 சதவீதம் என்றால் ஐந்து மடங்கு. 90 என்றால் பத்து, 95 என்றால் இருபது, 99 என்றால் நூறு. பாதி வரை கோடு கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது. அதற்குப் பிறகு சுவர்போல எழும்புகிறது. 80-லிருந்து 90-க்குப் போவது சின்ன ஏற்றமாகத் தெரியும், ஆகும் நேரமோ இரட்டிப்பாகிவிடும். முந்தைய வாரம் வரை நன்றாக ஓடிய தளம் ‘திடீரென்று’ படுத்துவிட்டது என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றில் திடீர் என்று எதுவுமில்லை. மெல்ல மெல்ல ஏறிவந்த கூட்டம் அந்தச் சுவரின் அடிக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், குறிப்பிட்ட ஒரு தளம் ஏன் மெதுவாக இருக்கிறது என்பது தெரியாது. அதற்கு விசாரணை வேண்டும்.

தாமதம் சர்வரில்தான் நிகழ்கிறதா என்பது முதல் கேள்வி. எந்த பிரவுசரிலும் பக்கம் வந்து சேர்ந்த கதையை வரிவரியாகக் காட்டும் ஒரு கருவிப்பலகை உண்டு. பெயரைத் தேடி முகவரி கண்டுபிடித்தது இவ்வளவு, இணைப்பு ஏற்படுத்தியது இவ்வளவு, முதல் பைட் வரும்வரை காத்திருந்தது இவ்வளவு, படங்களை இறக்கியது இவ்வளவு என்று பிரித்துக் காட்டும். முதல் பைட் சீக்கிரம் வந்துவிட்டு அதற்குப் பிறகு நேரமானால் சர்வரைக் குடைவதில் பயனில்லை; பக்கத்தின் கனம் காரணமாக இருக்கலாம். முதல் பைட்டுக்கே நேரமானால், தொலைவைக் கணக்கில் எடுக்க வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஒரு சர்வருக்குப் போய்த் திரும்ப, நேர்கோட்டில் இழை போட்டிருந்தால்கூட 130 மில்லி நொடிக்குக் குறையாது. எந்த நிரலராலும் இதைக் குறைக்க முடியாது. பக்கம் ஒன்றுக்குப் பத்து முறை போய்வர வேண்டியிருந்தால், போக்குவரத்துக்கே ஒரு நொடிக்கு மேல் போய்விடும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: ஆளில்லாத அதிகாலை மூன்று மணிக்கும் அந்தப் பக்கம் மெதுவாக இருக்கிறதா? ஆம் என்றால் வேலையே நீளமானது. பகலில் மட்டும்தான் என்றால் வரிசை உருவாகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே பெரிய சர்வரை வாடகைக்கு எடுத்துவிடுவது பரவலான வழக்கம். ரெக்கார்டு ரூமில் ஒரே ஆளை வைத்துக்கொண்டு முன்னால் எழுத்தர்களை எட்டிலிருந்து எண்பதாக்குவதற்குச் சமம் அது. வாசலில் தள்ளுமுள்ளுதான் மிஞ்சும். தள்ளுமுள்ளுக்கும் விலை உண்டு என்பதை ஆரக்கிள் நிறுவனத்தின் செயல்திறன் குழு ஒரு காணொளியில் செய்துகாட்டியது. டேட்டாபேஸுக்குப் போகும் இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வெகுவாகக் குறைத்தார்கள், வேறு எதையும் தொடவில்லை. பதில் நேரம் சுமார் 100 மில்லி நொடியிலிருந்து 2 மில்லி நொடிக்கு இறங்கியது.

அளக்கத் தொடங்கும்போது காத்திருக்கும் பெரிய பள்ளம் சராசரி. நூறு வேண்டுகோள்களில் 99 பேருக்கு 0.1 நொடி, ஒருவருக்கு 10 நொடி என்றால் சராசரி 0.2 நொடி. அறிக்கையில் பார்க்க அழகான எண். ஆனால் 0.2 நொடியில் பதில் பெற்ற ஆள் ஒருவர்கூட அந்த நூறு பேரில் இல்லை. ஆகவே பொறியாளர்கள் சதமானம் பார்க்கிறார்கள். எல்லாப் பதில் நேரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 50-ஆவது இடத்தில் என்ன, 95-ஆவது இடத்தில் என்ன, 99-ஆவது இடத்தில் என்ன என்று கேட்பது. நூற்றில் ஒருவர்தானே என்று கடைசி ஆளை விட்டுவிடவும் முடியாது. கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோஸோவும் 2013-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு சர்வர் நூற்றில் ஒரு முறை மட்டும் ஒரு நொடிக்கு மேல் தாமதிக்கிறது. ஒரு பக்கத்தைத் தயாரிக்க அப்படிப்பட்ட 100 சர்வர்களிடம் கேட்க வேண்டும், எல்லாம் பதில் சொன்ன பிறகுதான் பக்கம் தயார். அப்போது பயனர்களில் 63 சதவீதம் பேர் ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பார்கள். உள்ளே அபூர்வமாக இருந்தது வெளியே வரும்போது பெரும்பான்மை ஆகிவிட்டது.

விசாரணையில் மிகவும் சுவையான தடயம் ஒன்று உண்டு. தாமதத்தின் அளவையே உற்றுப் பார்ப்பது. உழைப்பால் வரும் தாமதம் ஒரே மாதிரி இருக்காது. 3.1 நொடி, 4.7 நொடி, 2.9 நொடி என்று சிதறும். ஆனால் சில தாமதங்கள் அளந்து வெட்டியதுபோல ஒரே எண்ணில் வந்து நிற்கும். அங்கே வேலை எதுவும் நடக்கவில்லை, யாரோ எங்கோ எழுதிவைத்த காலக்கெடு ஒன்று முடிந்திருக்கிறது என்று பொருள்.

எடுத்துக்காட்டாக, மெதுவான வேண்டுகோள்கள் எல்லாம் வழக்கத்தைவிடச் சரியாக 5 நொடி கூடுதலாக எடுத்தால், பெயர் தேடும் டிஎன்எஸ் சேவையைப் பார்க்க வேண்டும். லினக்ஸில் ஒரு பெயர் சர்வர் பதில் சொல்லாவிட்டால், 5 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்பது இயல்பான அமைப்பு. முதல் பெயர் சர்வர் செத்துக் கிடக்கிறது என்பதை அந்த 5 சொல்லிவிடும். இணைப்பு ஏற்படவே 1 நொடி, 3 நொடி, 7 நொடி என்ற வரிசையில் தாமதம் வந்தால், இணைப்புக் கேட்டுப் போன பாக்கெட்டுகள் வழியில் தொலைகின்றன. முதல் முறை பதில் வராவிட்டால் 1 நொடி, அடுத்து 2, அடுத்து 4 என்று இரட்டித்துக்கொண்டே மறுபடி அனுப்புவது டிசிபி விதி. கூட்டினால் 1, 3, 7. சர்வரின் வாசல் வரிசை நிரம்பி வழியும்போதும் இதே எண்கள் வரும். சரியாக 50 நொடியில் பிழைச் செய்தியோடு முறிகிறதா? மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு வரியின் பூட்டுக்காகக் காத்திருக்கும் காலக்கெடு, யாரும் மாற்றாதவரை, 50 நொடி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நமக்கு வேண்டிய தொகுதி வேறொரு எழுத்தரின் மேசையில் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது, அவர் சாப்பிடப் போய்விட்டார் என்று வைத்துக்கொண்டால், அதுதான் பூட்டு. சரியாக 60 நொடியில் முறிந்தால், முன்வாசலில் நின்று வேண்டுகோள்களை வாங்கி உள்ளே அனுப்பும் எஞ்சின்எக்ஸ் என்ற நிரல் பொறுமை இழந்துவிட்டது.

இவற்றில் மிக நுட்பமானது 40 மில்லி நொடி. ஃபோர்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நேகிள் 1984-இல் ஒரு முறையை முன்வைத்தார். சின்னச் சின்னத் துணுக்குகளாக அனுப்பி வலையை அடைக்காமல், முந்தையதற்கு ரசீது வரும்வரை பொறுத்து, சேர்த்து அனுப்புவது. நல்ல யோசனை. எதிர்முனையில் வேறொருவர் செய்த நல்ல யோசனையும் இருந்தது: ரசீதைத் தனியாக அனுப்பாமல் கொஞ்சம் பொறுத்து, பதிலோடு சேர்த்தே அனுப்புவது. இரண்டும் சந்தித்தபோது, ரசீது வந்தால்தான் அனுப்புவேன் என்று ஒரு முனை, மிச்சம் வந்தால்தான் ரசீது என்று மறுமுனை. லினக்ஸில் பெரும்பாலும் 40 மில்லி நொடிக்குப் பிறகு கடிகாரம் குறுக்கிட்டு ரசீதை அனுப்பிவைக்கிறது. இரண்டு முனையிலும் சிபியு சும்மாதான் இருக்கும். எந்த நிரலிலும் பிழை இருக்காது. அந்த 40 மட்டும் வரைபடத்தில் திரும்பத் திரும்ப நிற்கும்.

அளவைப் போலவே தாளமும் பேசும். டிஸ்கார்ட் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அனுபவம் இதற்கு நல்ல சான்று. யார் எந்தச் செய்தி வரை படித்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்திருக்கும் அவர்களுடைய சேவை ஒன்று, ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தடுமாறியது. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு நிமிடம். அது கோ மொழியில் எழுதப்பட்ட சேவை. பயன்படாத நினைவகத்தைக் கண்டுபிடித்து விடுவிக்கும் ‘குப்பை அகற்றல்’ அந்த மொழியில் குறைந்தது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கட்டாயம் நடக்கும். அகற்றக் குப்பை அதிகம் இல்லை என்றாலும், இல்லை என்று உறுதிசெய்ய நினைவகத்தில் இருந்த மாபெரும் பட்டியல் முழுவதையும் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டியிருந்தது. இந்தத் தாளத்தைப் பிடித்ததும் காரணம் தெளிவானது. கடைசியில் சேவையையே ரஸ்ட் மொழியில் திருப்பி எழுதினார்கள்.

இனி ரெக்கார்டு ரூமுக்குள் போகலாம். தொகுதிகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால் ஒரு சொத்தின் வில்லங்கம் பார்க்க வாரக்கணக்காகும். அதனால்தான் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமே இன்டெக்ஸ் வைக்கச் சொல்கிறது: எழுதிக்கொடுத்தவர், பெற்றவர் பெயர்வாரியாக ஒன்று, சொத்துவாரியாக இன்னொன்று. டேட்டாபேஸிலும் அதே பெயர்தான், அதே வேலைதான். அதன் வடிவத்தை ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் என்ற இருவர் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். பி-மரம் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கணுவிலும் சில நூறு வழிகாட்டிகள். கணுவுக்கு 300 என்று வைத்தால் மூன்றே படியில் 2 கோடியே 70 லட்சம் வரிகளில் வேண்டிய ஒன்றை அடைந்துவிடலாம்.

ஆனால் இன்டெக்ஸ் இருப்பது வேறு, அது பயன்படுவது வேறு. ஒரு பழக்கமான விபத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். எட்டு லட்சம் மாணவர்களின் மதிப்பெண் அட்டவணை. பதிவெண் பத்தி எழுத்துகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, அதற்கு இன்டெக்ஸும் இருக்கிறது. நிரலர் கேள்வியை எழுதும்போது பதிவெண்ணை மேற்கோள்குறிக்குள் போட மறந்துவிட்டார், எண்ணாகவே கொடுத்துவிட்டார். விடை சரியாகத்தான் வரும், சோதனையில் பிழை தெரியாது. மைஎஸ்க்யூஎல்லிடம் ‘எக்ஸ்பிளெயின்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்து அதே கேள்வியைக் கேட்டால், அது விடை தேடாமல், எப்படித் தேடப் போகிறது என்று மட்டும் சொல்லும். பொருந்தக்கூடிய இன்டெக்ஸ் எது என்ற கட்டத்தில் இன்டெக்ஸின் பெயர் இருக்கும். எதைப் பயன்படுத்தப் போகிறேன் என்ற கட்டம் காலி. பார்க்க வேண்டிய வரிகள் என்ற கட்டத்தில் ஏறக்குறைய எட்டு லட்சம். காரணம், ‘1’, ‘01’, ‘1அ’ என்ற எழுத்துத் தொடர்கள் எல்லாமே எண்ணாக மாற்றினால் ஒன்றுதான். எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸ் எண்ணைத் தேட உதவாது. ஆகவே டேட்டாபேஸ் ஒவ்வொரு வரியையும் எடுத்து, எண்ணாக மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டு மேற்கோள்குறிகளைச் சேர்த்தால் எட்டு லட்சம் என்பது ஒன்றாகிவிடும்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. அங்கே எந்தக் கேள்வியும் மெதுவானதல்ல, கேள்விகளின் எண்ணிக்கைதான் வியாதி. ஒரு பள்ளியின் 200 மாணவர்களின் மதிப்பெண்ணைக் காட்டும் பக்கம், முதலில் பெயர்ப்பட்டியலை ஒரு கேள்வியில் வாங்கிவிட்டு, பிறகு ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக ரெக்கார்டு ரூமுக்கு நடக்கிறது. ஒரு நடைக்கு 2 மில்லி நொடி என்றாலும் 200 நடைக்கு 400. தொழிலில் ‘என் பிளஸ் ஒன்’ என்று சொல்லப்படும் இந்த நோய், மெதுவான கேள்விகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் சிக்காது. மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பதிவேடு, யாரும் மாற்றாவிட்டால், 10 நொடியைத் தாண்டியவற்றைத்தான் மெதுவானவை என்றே கருதும்.

டேட்டாபேஸிலும் குற்றம் இல்லை என்றால், நிரலுக்குள்ளேயே பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பழைய, எளிய, மிக நம்பகமான வழி இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் நிரலைச் சட்டென்று நிறுத்தி, எந்த வரியில் நிற்கிறது, யார் அழைத்து அங்கே வந்தது என்று குறித்துக்கொண்டு, விட்டுவிடுவது. சில நொடி கழித்து மறுபடி. பத்து முறை பார்த்ததில் எட்டு முறை ஒரே இடத்தில் நின்றால், நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. இதையே நொடிக்குப் பல முறை செய்யும் கருவிகள் உண்டு. பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் வழக்கமாக நொடிக்கு 99 முறை என்று வைப்பார். ஏன் முழுதாக 100 இல்லை? நிரலில் ஏதாவது ஒரு வேலை நொடிக்குச் சரியாக 100 முறை நடந்துகொண்டிருந்தால், 100 முறை பார்க்கும் கண்ணுக்கு அது எப்போதும் தெரியும், அல்லது ஒருபோதும் தெரியாது. 99 என்றால் அடி தப்பிவிடும். இப்படிக் குவியும் ஆயிரக்கணக்கான குறிப்புகளை ஒரே படமாக அடுக்கும் தழல் வரைபடத்தையும் கிரெக்தான் 2011-இல் உருவாக்கினார், அதுவும் ஒரு மைஎஸ்க்யூஎல் சுணக்கத்தைத் துரத்தும்போது.

அதே கிரெக் 2008-இன் இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது செய்த சோதனை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இயங்கிக்கொண்டிருந்த வட்டுத்தட்டு அடுக்கின் முன்னால் நின்று, வாயை அதன் அருகே கொண்டுபோய், முழுக் குரலில் கத்தினார். பிறகு வட்டுகளின் பதில் நேரத்தைக் காட்டும் வரைபடத்தைக் கேமராவுக்குக் காட்டினார். கத்திய அந்தக் கணங்களில் தாமதம் மேலே எகிறி நின்றது. ஒலியின் அதிர்வு வட்டுகளை ஆட்டியதில், படிக்கும் முனைகள் தங்கள் தடத்தில் நிலைகொள்ள முடியவில்லை. சராசரி மட்டும் பார்த்திருந்தால் இது மறைந்தே போயிருக்கும். ஒவ்வொரு செயலின் நேரத்தையும் தனித்தனிப் புள்ளியாகப் பதிந்ததால் ஒரு மனிதக் குரல் சர்வரின் தாமதமாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

அளக்காமல் இயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2013 அக்டோபர் 1 சாட்சி. அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக ஹெல்த்கேர்.கவ் தளத்தைத் திறந்த நாள். முதல் நாளில் வெற்றிகரமாகப் பதிவுசெய்தவர்கள் ஆறு பேர். திட்டங்களின் விலையைப் பார்க்கக்கூட முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று வடிவமைத்திருந்ததால், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஒரே குறுகிய வாசலில் வந்து நின்றார்கள். மீட்கப் போன குழுவில் கூகுளிலிருந்து வந்த மைக்கி டிக்கர்சனும் இருந்தார். அவர்களைத் திகைக்கவைத்தது தளத்தின் வேகமல்ல. தளம் எவ்வளவு வேகமாக இருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு திரைகூட அங்கே இல்லை. முதலில் அதை அமைத்தார்கள். பிறகு, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் தகவல்களை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸின் ஆழத்திலிருந்து எடுக்காமல், பக்கத்திலேயே ஒரு பிரதி வைத்துக்கொடுத்தார்கள். இதற்குக் கேஷ் என்று பெயர். நூற்றுக்கணக்கான திருத்தங்களுக்குப் பிறகு, அக்டோபர் கடைசியில் சராசரியாக 8 நொடி இருந்த பதில் நேரம் டிசம்பர் 1-க்குள் ஒரு நொடிக்குக் கீழே வந்தது. 6 சதவீதமாக இருந்த பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

கேஷ் வைத்தால் கதை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பிரதி பழையதாகி அழிக்கப்படும் கணத்தில், அதை நம்பியிருந்த ஆயிரம் ஒர்க்கர்களும் ஒரே நேரத்தில் ரெக்கார்டு ரூமுக்கு ஓடுவார்கள். ஒருவர் மட்டும் போய்ப் புதுப் பிரதி கொண்டுவரட்டும், மற்றவர்களுக்கு அதுவரை பழையதையே கொடு என்று எழுதிவைக்கும் நிரல்கள் இதனால்தான் வந்தன. பயனர்களும் இதே போல ஓடுவதுண்டு. பக்கம் வரவில்லை என்று ரீஃப்ரெஷ் அழுத்தும்போது, பழைய வேண்டுகோள் பெரும்பாலும் ரத்தாவதில்லை. யாரும் வாங்க வராத பதிலை சர்வர் உள்ளே தயாரித்துக்கொண்டே இருக்கும், புதிய வேண்டுகோளும் வரிசையில் சேரும்.

2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் இரண்டரை மணி நேரம் முடங்கியது இந்த வகைச் சுழலில்தான். கேஷில் தவறான அமைப்பு மதிப்பு இருந்தால் டேட்டாபேஸிலிருந்து சரியானதை எடுத்து வைக்கும் தானியங்கி ஏற்பாடு ஒன்று அவர்களிடம் இருந்தது. அன்று டேட்டாபேஸில் இருந்த மதிப்பே தவறாகிவிட்டது. எல்லாப் பயனர் நிரல்களும் ஒரே நேரத்தில் திருத்தக் கிளம்பின. நொடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள் டேட்டாபேஸ் மீது விழுந்தன. கேள்வி தோற்றபோதெல்லாம் அதையும் தவறான மதிப்பு என்றே எடுத்துக்கொண்டு கேஷ் பிரதியை அழித்தன, அழித்ததால் மறுபடி கேட்டன. மூல மதிப்பைச் சரிசெய்த பிறகும் வெள்ளம் வடியவில்லை. வேறு வழியின்றி அந்த டேட்டாபேஸுக்குப் போகும் போக்குவரத்து முழுவதையும் நிறுத்தினார்கள். தளத்தையே மூடுவது என்பதுதான் அதன் பொருள். டேட்டாபேஸ் மூச்சுவிட்டு எழுந்த பிறகு, அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, பயனர்களைச் சிறுகச் சிறுக உள்ளே விட்டார்கள்.